போத்தலில் குடிக்காத பிள்ளை

திங்கட்கிழமை காலை ஷஹ்மா பள்ளிக்கூடம் போயே ஆக வேண்டும். பிரசவ லீவு முடிந்துவிட்டது. பிரின்சிபல் இரண்டு தரம் கோல் எடுத்து, "மூணாம் வகுப்பு சந்தையாக் கிடக்கு டீச்சர்" என்று அழாக்குறையாகச் சொல்லியிருந்தார். அபாயாவுக்கு ஸ்திரி போட்டாயிற்று. எல்லாரும் தயார், ஒரே ஒருவரைத் தவிர. அந்த ஒருவருக்கு வயது நாலு மாதம், பெயர் நுஸ்கி.

போன வாரம் முழுக்க அவர் செய்த அட்டகாசத்தைத்தானே பார்த்தோம்! மூன்று போத்தல் வாங்கிக் கொடுத்தும், மூன்றையும் நாக்காலேயே வெளியே தள்ளிவிட்டு ஊரைக் கூட்டினார். உம்மா வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது ஊரைக் கூட்டி என்ன பிரயோசனம்?

அதனால் சனிக்கிழமை காலை, பிள்ளையை மாமியார் அனீஸாவிடம் ஒப்படைத்துவிட்டு, ஷஹ்மாவும் புருஷன் ஷப்ராஸும் மடவளையிலிருந்து கண்டிக்குப் புறப்பட்டார்கள். வேனைப் பார்க் பண்ண இடம் தேடியே அரை மணி நேரம் போயிற்று. குழந்தைச் சாமான் விற்கும் கடை மாடியில். சிசேரியன் செய்த வயிறாயிற்றே என்று படியேறும்போது ஷப்ராஸ் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். நாலு மாதமாக எந்தப் படியிலும் அவன் அந்தக் கையை விட்டதில்லை.

உள்ளே போனதும் ஷஹ்மாவுக்குத் தலை சுற்றியது. ஒரு சுவர் முழுக்கப் போத்தல். கழுத்து அகன்றது, கழுத்து ஒடுங்கியது, காற்றுப் போகாமல் உள்ளே குழாய் வைத்தது, கண்ணாடி, பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் காது வைத்தது. போத்தல் வாயில் மாட்டுகிற சூப்பியிலும் நம்பர் போட்டிருந்தார்கள். துளை சின்னதென்றால் பால் வராமல் பிள்ளைக்குக் கோபம் வரும். பெரியதென்றால் புரைக்கேறும்.

"வேன் வாங்கின நேரம் கூட நான் இவ்வளவு யோசிக்கல்ல," என்றான் ஷப்ராஸ்.

"வேன் துப்பாதே."

"அதுவும் சரிதான்."

கடையில் நின்ற சிங்களப் பிள்ளை தமிழை நிதானமாக எடுத்து வைத்தாள். "மிஸ், பேபி அம்மா பால் மட்டுமா குடிக்கிறது? அப்ப இது எடுங்க. இது மெதுவா மெதுவா வரும்."

ஷப்ராஸ் ஒரு சூப்பியை எடுத்துக் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்தான். பிறகு இன்னொன்று. மூன்றாவதை எடுத்தபோது கடைப்பிள்ளைக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஷஹ்மாவும் சிரித்துவிட்டாள், ஒரு வாரத்துக்குப் பிறகு.

கழுத்து அகன்றதையே எடுத்தார்கள். இறங்கும்போது அவன் சொன்னான்: "இவன் இதையும் துப்பினா, உம்மா சொல்றதுதான் சரி. நம்மட புள்ளக்கு என்ட புத்தி வரல்ல."

அதென்ன உம்மா சொல்வது? அது ஒரு பெரிய கதை. அந்த வீட்டில் அதைக் கேட்காமல் ஒரு நாளும் பொழுது போகாது.

வீட்டுக்கு வந்து போத்தலைக் கழற்றிப் பத்து நிமிஷம் கொதிநீரில் போட்டு எடுத்து, பிழிந்து வைத்த பாலை இளஞ்சூடாக்கி ஊற்றினாள். ஷப்ராஸ் கட்டுகஸ்தோட்டையில் உள்ள தன் உதிரிப்பாகக் கடையைத் திறக்கப் போய்விட்டான். "குடிச்சா உடனே மெசேஜ் போடு," என்று வாசலில் நின்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனான்.

நுஸ்கி சூப்பியை வாயில் வாங்கினான். ஷஹ்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு இழுப்பு. அவ்வளவுதான். நாக்கை மடித்தான், தள்ளினான், கழுத்தெல்லாம் பால். பிறகு அழுகை.

"நான் அப்பவே சொன்ன," என்று தொடங்கினாள் அனீஸா. "போத்தல்ல பிழையில்ல மகள். பிடிக்கிற கையிலதான். என்ட ஷப்ராஸ் நாலு மாசத்தில என்ன அழகாக் குடிச்சான் தெரியுமா? நான் ஆசுபத்திரியில வயித்த வெட்டிட்டுக் கிடக்கிறன், புள்ள போத்தல்ல குடிச்சிட்டு ராசா மாதிரித் தூங்கியிருக்கான்."

இதுதான் அந்தக் கதை. கலியாணமாகி இரண்டு வருஷத்தில் ஷஹ்மா இதை நூறு தரமாவது கேட்டிருப்பாள். பிள்ளை பிறந்த பிறகு கேட்டதுதான் அதிகம். கேட்கும் ஒவ்வொரு தரமும் தான் ஏதோ கையாலாகாதவள் என்று அவளுக்குத் தோன்றும். மிட்வைஃப் மிஸ் வந்து, "போத்தலே வேணாம், கோப்பையால பருக்குங்க" என்று சொன்னபோதும் மாமி இந்தக் கதையைத்தான் எடுத்து விட்டாள். பாவம் அந்த மிஸ், தேத்தண்ணியைக் கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

ஷஹ்மா அறைக்குள் போய்ப் பாலும்மாவுக்குப் போன் எடுத்தாள். "வாங்களேன் உம்மா. எனக்கு ஏலாது," என்று மட்டும் சொன்னாள்.

பாலும்மா யாரென்று புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷஹ்மா பிறந்து நாற்பது நாளில் பெற்றவள் மௌத்தாகிவிட்டாள். அவள் பிறந்த ஊரான திகனயில் பக்கத்து வீட்டு ஸுலைஹாவுக்கு அப்போது கைப்பிள்ளை. தன் பிள்ளைக்கு ஒரு பக்கம், இந்தப் பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று ஒன்றரை வருஷம் பால் கொடுத்து வளர்த்தாள். அதனால் ஸுலைஹா ஷஹ்மாவுக்கு உம்மாதான். ஸுலைஹாவின் ஆண்பிள்ளைகள் அவளுக்கு நானாமார், அண்ணன்மார். பால் உறவு இரத்த உறவு மாதிரி. ஒரே பெண்ணிடம் பால் குடித்தவர்கள் கூடப்பிறந்தவர்கள், அவர்களுக்குள் நிக்காஹ் கிடையாது. அதற்காகத்தான் ஷஹ்மாவின் கலியாணத்துக்கு முன்னால் மௌலவி ஸுலைஹாவைக் கூப்பிட்டு, யார் யாருக்குப் பால் கொடுத்தாய் என்று விசாரித்தார். அவள் விரல் விட்டுச் சொன்னாள். அதில் மாப்பிள்ளையின் மடவளைக் குடும்பம் இருக்கவில்லை.

மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் ஸுலைஹா வந்து இறங்கினாள். கையில் ஒரு பை தொதல் இனிப்பு. அறுபதை எட்டுகிற வயது, முழங்கால் வலி, ஆனாலும் பேரப்பிள்ளையைக் கண்டதும் கதிரையில் கூட இருக்கவில்லை.

"குடுங்க இங்க அந்தத் துப்பல்காரன."

ஸுலைஹா அவனை நிமிர்த்திப் பிடித்துக் கொடுத்தாள். சாய்த்துப் பிடித்தாள். ஷஹ்மாவின் சால்வையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, உம்மாவின் வாசம் வரட்டும் என்று கொடுத்தாள். நுஸ்கி நாக்கை ஒரு பக்கமாக மடித்தான், தாடையை இறுக்கினான், முகட்டைப் பார்த்தான்.

ஸுலைஹாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சுப்ஹானல்லாஹ்! இதே மாதிரி ஒரு புள்ளய நான் பாத்திரிக்கன். அச்சு அசல் இப்பிடியே. நாக்க மடிச்சி, வாய இறுக்கி, மேல பாத்துட்டு இரிக்கும். தலகீழா நிண்டாலும் போத்தல் குடிக்காது."

"எந்தப் புள்ள?" என்றாள் ஷஹ்மா.

"அது எப்பவோ, நீ பிறக்க முந்தி. எங்கட ரெண்டாவது மகன் கைப்புள்ள. பின்வளவு வீட்டுக்கு ஒரு பொம்புள குடி வந்த. அவள்ட நானாட புள்ளயாம். தாய் ஆசுபத்திரியில எண்டு தூக்கிட்டு வந்து வெச்சிக்கொண்டிருந்த."

அனீஸா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். தன் கதைக்கு இதைவிட நல்ல இடம் வாய்க்குமா? "எங்கட ஷப்ராஸும் அப்பிடித்தான் ராத்தா, நான் ஆசுபத்திரியில கிடக்கக்குள்ள திகனயிலதான் இருந்த. ஆனா அவன் ஒரு கரைச்சலும் குடுக்கல்ல. போத்தல்லயே குடிச்சி வளந்த புள்ள."

"திகனயிலயா?"

"ஓ. என்ட மதினி அப்ப அங்கதான் வாடகைக்கு இருந்த. ஒரு வருஷம் கூட இருக்கல்ல, பொறகு குருணாகலுக்குப் போயிட்டாங்க. ஆறு வருஷம் ஆச்சி அவ மௌத்தாகி."

பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த ஸுலைஹாவின் கை நின்றது.

"மதினிட பேரு?"

"றம்ஸியா."

நுஸ்கி ஏப்பம் விட்டான்.

"பலகை அரியிற மரக்காலைக்குப் பின்னால வீடு," என்றாள் ஸுலைஹா மெதுவாக. "கிணத்தடியில ஒரு கொய்யா மரம்."

"ஓ, அதேதான். ஒங்களுக்குத் தெரியுமா அவவ?" அனீஸாவின் முகத்தில் சிரிப்புத்தான் இருந்தது இன்னும். அவளுக்கு விளங்கவில்லை.

ஷஹ்மாவுக்கு விளங்கிவிட்டது. அல்லாஹ்வே, இது அப்படி இருக்கக்கூடாது, வேறு யாராவது றம்ஸியாவாக இருக்கட்டும் என்று மனம் மன்றாடியது. திகனயில் ஒரே ஒரு றம்ஸியாவா இருந்திருப்பாள்?

"உம்மா," என்றாள். "அந்தப் புள்ள போத்தல் குடிக்கல்ல எண்டா, என்ன குடிச்சிச்சி?"

ஸுலைஹா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான் குடுத்த, மகள்."

தட்டு அனீஸாவின் கையிலிருந்து மேசையில் விழுந்த மாதிரி இறங்கியது. தேத்தண்ணி விரிப்பெல்லாம் ஓடியது. "என்ன கதைக்கிறீங்க? என்ட மகனுக்கா? பொய்! ரெண்டு நாளைக்கொருக்கா மதினி ஆசுபத்திரிக்கு வந்த. நான் கேட்டன், புள்ள குடிச்சானா எண்டு. குடிச்சான், போத்தல காலியாக்கிட்டான் எண்டு அவ வாயாலயே சொன்ன!"

"ஒங்களுக்கு அப்பிடிச் சொல்லணும் எண்டுதான் அவ என்னட்டயும் சத்தியம் வாங்கின. உண்மை தெரிஞ்சா தாய்க்காரி தையலோட எழும்பி ஓடி வந்திடுவா எண்டு. பேரு கூட எனக்குச் சொல்லல்ல. குட்டி, குட்டி எண்டுதான் கூப்பிட்ட. நானும் கேக்கல்ல. நிக்காஹ் நேரம் மௌலவி கேக்கக்குள்ள, ஊர் பேர் தெரியாத அந்தப் புள்ள எனக்கு ஞாபகத்திலயே வரல்ல."

முப்பத்து மூன்று வருஷம் அனீஸா பெருமையடித்த கதை அந்த இடத்திலேயே செத்தது. அவளுக்கு அதைப் பற்றிக்கூட யோசிக்க நேரமில்லை. அவள் மருமகளைப் பார்த்தாள், பேரனைப் பார்த்தாள், தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்திலேயே இருந்துவிட்டாள்.

ஷஹ்மாவின் தலைக்குள் மதரஸாவில் படித்தது ஒவ்வொன்றாக வந்தது. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, அறியாமல் நடந்தது. ஆனால் அறிந்த பிறகு? அறிந்த பிறகு ஒரு நாள் கூடச் சேர்ந்து வாழ முடியாது. காலையில் படியில் முழங்கையைப் பிடித்த கை. யா அல்லாஹ், அது யாருடைய கை?

வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது.

மெசேஜ் வரவில்லையே என்று ஷப்ராஸ் கடையை வேலைக்காரரிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். "என்ன, இதையும் துப்பிட்டானா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினான். நேரே ஷஹ்மாவிடம் வந்தான். அவள் கண்ணைப் பார்த்துப் பதறிப்போய்த் தோளைத் தொடக் கை நீட்டினான்.

ஷஹ்மா பின்னால் நகர்ந்தாள். தான் நகர்ந்தது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

"என்ன ஷஹ்மா?"

அவள் பாலும்மாவைப் பார்த்தாள். அனீஸாவால் அழத்தான் முடிந்தது. கடைசியில் ஸுலைஹாதான் சொன்னாள், சுற்றி வளைக்காமல், நாலே வசனத்தில். ஷப்ராஸ் நின்றபடியே கேட்டான். முதலில் சிரிக்கப் பார்த்தான், அது வரவில்லை. பிறகு கதிரையைத் தேடிக் கையால் தடவி உட்கார்ந்தான்.

"எத்தின தரம்?" என்றான்.

எல்லாருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. அடடா, அதுதானே! ஒரு தரம் இரண்டு தரம் வாயில் வைத்ததால் பால் உறவு ஆகிவிடாது. வயிறு நிறைய, வெவ்வேறாக, ஐந்து தரம் குடித்திருக்க வேண்டும். ஐந்துக்குக் குறைந்தால் அது ஒன்றுமில்லை. நிக்காஹ் நிக்காஹ்தான். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், இந்தப் பதற்றத்தில் ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை.

"சொல்லுங்க மாமி," என்றான். ஷஹ்மாவின் பாலும்மாவை அவன் எப்போதும் மாமி என்றுதான் கூப்பிடுவான். இன்றைக்கு அந்தச் சொல் பாதியில் தடுக்கியது. "நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. எத்தின தரம் நான் குடிச்ச?"

ஸுலைஹா மூன்று முகத்தையும் பார்த்தாள். மகனின் முகம், தாயின் முகம். ஷஹ்மாவின் முகத்தை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"நாலு," என்றாள்.

"நிச்சயமா?"

"மௌத்தாப் போன எங்கட வீட்டுக்காரர் முனாப்தான் எண்ணின. ஒங்களுக்குத் தெரியாது, அவர் பள்ளியில பாங்கு சொல்ற முஅத்தினா இருந்தவர், இதிலெல்லாம் சரியான கவனம். முதல் நாளே சொல்லிட்டார். யார்ட புள்ளயோ, எந்த ஊரோ. நாளைக்கு யாருக்கு யார நிக்காஹ் செய்வாங்களோ. நாலோட நிப்பாட்டு ஸுலைஹா, அஞ்சாவது குடுக்காத எண்டு. ஒவ்வொரு நாளும் வந்து எத்தின எண்டு கேப்பார். நாலு ஆன அண்டைக்கு, இனிப் போதும் எண்டு றம்ஸியாட்டயும் சொல்லச் சொன்னார்."

"அல்ஹம்துலில்லாஹ்!" அனீஸா நிலத்திலிருந்தே கை இரண்டையும் தூக்கினாள். "அந்த மனிசனுக்கு அல்லாஹ் சுவர்க்கத்தக் குடுக்கட்டும்! முனாப் நானாட பேருல நாளைக்கே பள்ளிக்குச் சோறு குடுக்கணும். கேட்டியா மகன், நாளைக்கே!"

ஷப்ராஸ் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்திருந்தான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று ஷஹ்மா நினைத்தாள். நிமிர்ந்தபோது பாதி அழுகை, பாதி சிரிப்பு. "செத்துட்டன் ஷஹ்மா," என்றான். "ஒரு நிமிஷம் நான் செத்துட்டன்." எழுந்து கைகால் கழுவி வுளூ செய்யப் போனான், அல்லாஹ்வுக்கு நன்றியாக இரண்டு ரக்அத் ஷுக்ர் தொழ வேண்டும் என்று.

அதற்குள் நுஸ்கிக்குப் பசி தாங்காமல் வீடே அதிர்ந்தது. பெரியவர்களின் கலவரத்தைப் பற்றி அவனுக்கென்ன? ஷஹ்மா அவனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய், கட்டிலில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். சின்னக் கை அவள் கழுத்தைப் பற்றிக்கொண்டது. அப்போதுதான் அவளுக்கு அழுகை உடைந்து வந்தது. சந்தோஷ அழுகைதான். வீடு தப்பியது, புருஷன் தப்பினான், பிள்ளையின் வாப்பா தப்பினார்.

கதவு திறந்தது. ஸுலைஹா உள்ளே வந்து, கதவைச் சாத்தி, நாதாங்கியைப் போட்டாள்.

"என்ன உம்மா, இங்க வந்து இருங்க," என்று ஷஹ்மா இடம் விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "முனாப் வாப்பா மட்டும் நாலு எண்டு எண்ணாம இருந்திருந்தா!"

ஸுலைஹா உட்காரவில்லை. கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நுஸ்கி பால் குடிப்பதையே பார்த்தாள்.

"நான் ஒன்ட முகத்தப் பாத்துத்தான் வெளிய அப்பிடிச் சொன்ன, மகள். ஆனா எனக்குப் பொய்யோட மண்ணுக்குள்ள போக ஏலா. ஒனக்கு மட்டுமாவது சொல்லணும்."

"என்ன உம்மா?"

"நாலு எண்டது நான் அவருக்குச் சொன்ன கணக்கு."

ஷஹ்மா சிரித்த முகத்தோடு அப்படியே இருந்தாள்.

"அவர் பள்ளிக்குப் போனதும் றம்ஸியா பின்கதவால கொண்டு வருவா. பசியில அலறும் புள்ள. எனக்குப் பால் கட்டி நெஞ்சு வெடிக்கும். நான் எப்பிடி இல்லயெண்டு சொல்ற?" ஸுலைஹா பேரனின் தலையைத் தடவினாள். "பதினொரு நாள் அந்தப் புள்ள திகனயில இருந்த. ஒரு நாள் கூடப் போத்தல் குடிக்கல்ல."

வெளியே தொழுகைப் பாயைச் சுருட்டும் சத்தம். பிறகு நடை. யாரோ கதவைத் தட்டினார்கள்.

"ஷஹ்மா," என்றான் ஷப்ராஸ். குரலில் சிரிப்பு திரும்பியிருந்தது. "கதவப் பூட்டிட்டு என்ன செய்றீங்க ரெண்டு பேரும்? நான் உள்ள வரவா?"

வாங்க என்று சொல்ல வாய் வரவில்லை. வராதீங்க என்று சொல்லவும் வரவில்லை. ஷஹ்மா பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்தபடி இருந்தாள். அவன் மறுபடியும் தட்டினான்.